துவைகல்லில் ஒரு வட்டம்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. குழாயில் தண்ணீர் நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வட்டாரத்தின் முற்றத்தில் துவைகல் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

பவானி என் வாளித் தண்ணீரில் சுட்டுவிரலை நனைத்தாள். கல்லின் மேல் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தின் கோட்டில் இன்னொரு புள்ளி.

"நடுவுல புரோட்டான். வெளிய எலெக்ட்ரான். ஹைட்ரஜன் அணு. அவ்ளோதானேக்கா?"

அவள் இடது கையில் நான்காக மடித்த கேள்வித்தாள் இருந்தது. காலையில் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போன பாவாடை சட்டையை இன்னும் மாற்றவில்லை. ரிப்பனும் அவிழ்க்கவில்லை.

"ஏழாவது கேள்வி. நாலு மார்க்கு. ஜுஜுபி. ஒரு வட்டம் போதும் இல்ல?"

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். 'ஹைட்ரஜன் அணுவின் அமைப்பைப் படத்துடன் விளக்குக.' அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். பவானிக்கு அது தெரியாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"சரியாக்கா?" மறுபடியும் கேட்டாள்.

"சரிதான்" என்றேன்.

கல் சூடாக இருந்தது. வட்டம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கி, நான் கேள்வித்தாளைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பாதியாகிவிட்டது.

அவள் வரைந்தது சரி. அதற்கு மதிப்பெண் கிடைக்காது என்பதும் அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஏன் என்பதைத்தான் இந்த வாரத் தொடரில் எழுத வேண்டும். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டு, பரிசோதனைக்கூடத்துப் பூனையைப் பற்றியும் பழைய தராசுகளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன். வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பத்தி

வட்டாரம் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் அது ஒரு பகுதியைக் குறிக்கும். பெங்களூரில் அது ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டிய சிறு வீடுகள். எங்கள் வட்டாரத்தில் ஒன்பது வீடு, ஒரு குழாய், ஒரு துவைகல்.

இந்த ஊரில் இரண்டு மொழியோடும் வாழ்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட சொற்கள் பழக்கம். கன்னடத்தில் 'பன்னி' என்றால் 'வாருங்கள்'. சேலத்திலிருந்து வந்த என் அத்தை மகன், கடைக்காரர் அப்படிச் சொல்லி வரவேற்றதும் முகம் சிவந்து திரும்பி வந்துவிட்டான். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

எங்கள் குடும்பம் மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்காக வட ஆர்க்காட்டிலிருந்து வந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். பி.எஸ்ஸி மாணவிகளுக்குக் கருவிகளை எடுத்து வைத்து, அளவு எடுக்கக் காட்டித்தரும் வேலை. வட்டாரத்தில் எல்லோரும் டீச்சர் என்றார்கள். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் ஓர் அறக்கட்டளை, பெயர் வேண்டாம், பத்தாம் வகுப்பு முடித்த ஏழைப் பெண்களுக்கு ஒரு தேர்வு வைத்தது. தேறியவர்களுக்கு இரண்டு வருடம் பியூசி சயன்ஸ், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கேள்வித்தாளைக் கன்னடத்தில் தயாரிப்பார்கள். தமிழில் படித்த பெண்களுக்காகத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. பவானி தேர்வு எழுதியது என் நான்காவது வருடம்.

முதல் வருடமே ஒரு சொற்பட்டியல் தயாரித்து, மேசைக்கு மேல் சுவரில் ஒட்டினேன். இரண்டு பத்தி. இடது பக்கம் கன்னடம், வலது பக்கம் தமிழ். அதன் முதல் வரியும் இரண்டாம் வரியும் இவை:

பரமாணு – அணு
அணு – மூலக்கூறு

தமிழ்ப் பாடநூலில் தனியாக நிற்பது அணு. அணுக்கள் சேர்ந்தால் மூலக்கூறு. கன்னடப் பாடநூலில் தனியாக நிற்பதுதான் பரமாணு. பரமாணுக்கள் சேர்ந்தால் அதற்குப் பெயர் அணு. ஒரே சொல், ஒரே உச்சரிப்பு. பொருள் ஒரு படி தள்ளி நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த இரண்டு வரிகளை எழுதியதற்குக் காரணம், யாரும் வழுக்கி விழக் கூடிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்த பிழை என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

காதால் பிழை பார்த்தல்

பொக்ரானில் குண்டு வெடித்த கோடை அது. டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில் எங்கும் அணு. தமிழ்ப் பத்திரிகையிலும் அணு, கன்னடப் பத்திரிகையிலும் அணு. பேச்சுவழக்கில் இரண்டு மொழிக்கும் குண்டு ஒன்றுதான்.

கல்லூரி விடுமுறை. வேதியியல் கூடத்துச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் சுசீலம்மாவும் உட்கார்ந்தோம். சுசீலம்மா வேதியியல் கூடத்தில் எனக்கு மூத்தவர். தாய்மொழி கன்னடம். பிறந்து வளர்ந்தது அல்சூரில், அதனால் தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார். படிக்க மட்டும் வராது. அறக்கட்டளை அவரைச் சரிபார்ப்பவராக நியமித்திருந்தது.

எங்கள் முறை இது. அவர் கன்னட மூலத்தைக் கையில் வைத்துக்கொள்வார். நான் தமிழை உரக்கப் படிப்பேன். அவர் காதால் கேட்டுக் கண்ணால் ஒப்பிட்டு, சரியாக இருந்தால் 'ஹூம், முந்தே' என்பார். அடுத்தது என்று பொருள். கண் மட்டும் பார்த்தால் விட்டுவிடும், காதும் சேர்ந்தால் விடாது என்பது நான் கண்டுபிடித்த முறை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்றாவது கேள்வி பரமாணுவின் ஆற்றல் மட்டங்களைப் பற்றியது. அணு என்று சரியாக மாற்றியிருந்தேன். நான்கு, ஐந்து, ஆறு.

ஏழாவது. கன்னடத்தில் 'ஜலஜனகத அணு' என்று இருந்தது. இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்து நிற்கும் மூலக்கூறு. படத்தில் இரண்டு வட்டம் வர வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நடுவில் இரண்டு எலெக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நான் படித்தேன். "ஹைட்ரஜன் அணுவின் அமைப்பைப் படத்துடன் விளக்குக."

சுசீலம்மாவின் காதில் அணு விழுந்தது. அவர் கண் முன்னால் அணு இருந்தது.

"ஹூம், முந்தே" என்றார். பிறகு, "பேகா, சீக்கிரம் படிம்மா. இந்த ரூம்ல அமிலம் வாசனைல எனக்குத் தலை நோவுது."

முடித்துவிட்டு உறையில் போட்டு அரக்கு வைத்தோம். அன்றைய நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'தமிழ்த் தாள் முடிந்தது. இருவரும் சரிபார்த்தோம். பிழை இல்லை.'

இருட்டறை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் கூடத்தின் கோடியில் கறுப்புத் துணி மாட்டிய இருட்டறை ஒன்று உண்டு. அங்கே ஹைட்ரஜன் நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழாய். மின்சாரம் கொடுத்தால் ரோஜா நிறத்தில் எரியும். ஓசோன் வாசனை மூக்கில் லேசாக ஏறும். நிறமாலைமானியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் இருட்டில் தனித்தனிக் கோடுகள். ஒரு சிவப்பு, ஒரு பச்சை கலந்த நீலம், பிறகு ஊதா.

எலெக்ட்ரான் மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு இறங்கும்போது விடுகிற ஒளி அது. மட்டங்களுக்கு நடுவில் எலெக்ட்ரானுக்கு நிற்க இடம் கிடையாது. இங்கே இருக்கும், அல்லது அங்கே இருக்கும். அதனால்தான் கோடு கோடாக வருகிறது. குவாண்டம் என்ற பெரிய சொல்லுக்குள் இருக்கும் விஷயத்தில் பாதி இதுதான் என்று மாணவிகளுக்குச் சொல்வேன்.

உற்றுப் பார்த்தால் அந்தத் தெளிவான கோடுகளுக்கு இடையில் மங்கலாக, நெருக்கமாக வேறு நிறையக் கோடுகள் தெரியும். உடையாமல் மிச்சமிருக்கும் மூலக்கூறுகள் விடும் ஒளி. "அதையெல்லாம் கணக்கில் எடுக்காதீங்க. அணுவோட கோட்டை மட்டும் பாருங்க" என்பேன். இருபது வருடம் அப்படித்தான் சொன்னேன்.

நான் எம்.எஸ்ஸி ஒரு வருடம் படித்தேன். அப்பா இறந்ததால் நிறுத்திவிட்டேன். அந்த ஒரு வருடத்தில் நினைவிருக்கும் வகுப்பு ஒன்று. பேராசிரியர் ஹைட்ரஜன் அணுவின் சமன்பாட்டைக் கரும்பலகை முழுக்க எழுதி, கடைசி வரி வரை தீர்த்துக் காட்டினார். ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். விடை மிச்சமில்லாமல் வந்தது. மறுநாள் பக்கத்தில் இன்னொரு ஹைட்ரஜனைக் கொண்டுவந்து வைத்தார். மூலக்கூறு. சமன்பாட்டை எழுதினார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னு மேலே எல்லா அந்தாஜு." இதற்கு மேல் எல்லாம் உத்தேசம்தான்.

அன்று அது எனக்குப் பிடிக்கவில்லை. உத்தேசமாக இருக்கும் எதையும் எனக்குப் பிடிக்காது.

ரெண்டுல ஒண்ணு

பவானியின் அப்பா முனிரத்தினம், கட்டில் பீரோக்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். விரல் நகங்கள் எப்போதும் செம்பழுப்பாக இருக்கும். முற்றத்தில் அவர் வருவதற்கு முன்னால் ஸ்பிரிட் வாசனை வரும்.

தேர்வுக்கு முந்தின வாரம் குழாயடியில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"கெடைச்சா படிக்கட்டும், நான் வாணான்னு சொல்லல. கெடைக்கலன்னா கார்மெண்ட்ஸு. எங்க அக்கா பொண்ணு அங்கதான் கீது, சேத்து உட்றேன்னு சொல்லிகினு கீது. ரெண்டுல ஒண்ணு. நடுவுல ஒண்ணும் கெடையாது."

"ஏன், நடுவுல கல்யாணம் இருக்கே" என்றாள் ஆறாம் வீட்டு அம்மாள்.

"உன் பையன கேட்டனா நானு? கம்முனு தண்ணி புடி."

எல்லோரும் சிரித்தார்கள். பவானியும் சிரித்தாள். அவள் கணக்கில் கெட்டி. கல்லில் சோப்புத் தேய்த்துக்கொண்டே தனிம அட்டவணையை வரிசையாகச் சொல்வாள். பாஸ்பரஸ் வரும்போது மட்டும் தடுக்கும்.

திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை

அந்த ஞாயிறு இரவு முழுவதும் விழித்திருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, தூங்கினேன். திங்கட்கிழமை காலையில் சுசீலம்மா வீட்டுக்குப் போனேன். கேள்வித்தாளைக் காட்டினேன். அவருக்குப் படிக்க வராததால் படித்துக் காட்டினேன்.

"சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"மறுபடி கேளுங்க. தமிழ்ல அணுன்னா உங்க பரமாணு."

அவர் கையில் பாதி உரித்த அவரைக்காய் இருந்தது. அதை மெதுவாக முறத்தில் வைத்தார்.

"அய்யோ ராமா. நான் ஹூம்னு சொன்னேனே."

"நான்தான் எழுதினேன்."

"எத்தனை பொண்ணுங்க?"

"தமிழ்ல பதினொண்ணு."

முறத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு, "புதன்கிழமை வரைக்கும் பேப்பர் திருத்துவாங்க. போய்ச் சொல்லு. என் பேரும் சேத்துச் சொல்லு. ரிட்டையர் ஆகப் போறவ, எனக்கு என்ன" என்றார்.

அன்று மாலை கன்னடத்தில் ஒரு கடிதம் எழுதினேன். என்ன பிழை, எப்படி நடந்தது, தமிழ்த் தாள் எழுதியவர்களுக்கு ஏழாவது கேள்விக்கு ஒற்றை வட்டத்தைச் சரியான விடையாகக் கொள்ள வேண்டும். ஒரு பக்கம். மூன்று முறை நகல் எடுத்து எழுதியதில் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

செவ்வாய் மதியம் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். காரியதரிசி ஓய்வுபெற்ற அதிகாரி. நல்லவர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். நாற்காலியை இழுத்துப் போட்டு காபி வரவழைத்தார். கைப்பையில் கடிதத்தின் மேல் என் விரல் இருந்தது.

"நீங்க வந்தது ஒள்ளேதாச்சு, நல்லதாச்சு. நானே கூப்பிடலாம்னு இருந்தேன்" என்றார். "கமிட்டில ஒரு பேச்சு நடக்குது. தமிழுக்குத் தனிப் பேப்பர் எதுக்கு, எல்லாரும் இந்த ஊர்ல இருக்கறவங்கதானே, கன்னடத்துலயே எழுதட்டும்னு ரெண்டு மூணு பேர் சொல்றாங்க. நான்தான் பிடிவாதமா இருக்கேன். என்ன சொல்றேன் தெரியுமா? நாலு வருஷமா அந்தம்மா பேப்பர்ல ஒரு மிஸ்டேக் காட்டுங்க, நிறுத்திடலாம்னு."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"ஏதோ சொல்ல வந்தீங்க?"

இங்கே காவிரிக் கலவரத்தைப் பற்றி ஒரு வரி. தொண்ணூற்றொன்று டிசம்பரில் அண்ணன் எங்கள் வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். கலவரம் அடங்கிய பிறகும் அதைத் திரும்ப மாட்டவில்லை. யாரும் மாட்டச் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அப்போது வந்தது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் போகவில்லை.

கடிதத்தைக் கொடுத்தால் தமிழ்த் தாள் நின்றுபோகும், வருகிற வருடங்களில் வருகிற பெண்கள் எல்லோருக்கும் நஷ்டம். அப்படித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நினைத்தேன். காபியைக் குடித்து முடிக்கும்வரை அதையே நினைத்தேன்.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. 'அந்தம்மா பேப்பர்ல ஒரு மிஸ்டேக் காட்டுங்க.' அந்த வாக்கியத்தை யாரும் என்னைப் பற்றி அதுவரை சொன்னதில்லை. அது அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று பல வருடம் எனக்குள் விசாரித்திருக்கிறேன். கிடைத்த விடை எனக்குச் சாதகமாக இல்லை.

"ஒண்ணுமில்ல சார். ரிசல்ட் எப்பன்னு கேக்கலாம்னு" என்றேன்.

"வெள்ளிக்கிழமை."

மாலையில் சுசீலம்மா கல்லூரிக்குப் போன் செய்தார்.

"ஆய்த்தா?" என்றார். முடிந்ததா என்று.

"ஆய்த்து" என்றேன்.

பட்டியல்

வெள்ளிக்கிழமை பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். தேர்வு எழுதிய எல்லோருடைய மதிப்பெண்ணும் அதில் இருந்தது. கடைசியாக இடம் கிடைத்த பெண்ணுக்கு எழுபத்தொன்று. பவானிக்கு அறுபத்தெட்டு.

நான்கு மதிப்பெண் சேர்த்தால் எழுபத்திரண்டு. இதைக் கணக்குப் போட எனக்கு நேரம் ஆகவில்லை. தமிழில் எழுதிய மற்ற பத்துப் பெண்களில் யாருக்கும் இடம் இல்லை. அவர்களில் எத்தனை பேருக்கு அந்த நான்கு போதுமானதாக இருந்திருக்கும் என்று நான் அன்று பார்க்கவில்லை. மறுநாள் போனபோது பட்டியலைக் கிழித்துவிட்டிருந்தார்கள்.

வட்டாரத்தில் முனிரத்தினம் பாலிஷ் துணியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். "மூணு மார்க்கு. மூணே மூணு" என்றார் என்னைப் பார்த்து. "கோட்டை உட்டுட்டா மேடம்." திட்டும் குரலில் தொடங்கியவர், முடிக்கும்போது அப்படி இல்லை.

பவானி உள்ளே இருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "போவுதுக்கா" என்றாள்.

அடுத்த மாதத்தில் காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பத் தொடங்கினாள். முதல் ஆறு மாதம் சட்டைகளில் மிச்ச நூலை வெட்டும் வேலை. மாலையில் வரும்போது புருவத்தில் பஞ்சுத் தூசி வெள்ளையாக ஒட்டியிருக்கும். துவைகல்லில் முகம் கழுவுவாள். தனிம அட்டவணை சொல்வதை நான் பிறகு கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அறக்கட்டளை தமிழ்த் தாளை நிறுத்தியது. எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். எனக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்தது. பிழையற்ற பணிக்காக என்று அதில் இருந்தது.

பேருந்து நிறுத்தம்

வட்டாரத்தை இடித்து மாடி கட்டினார்கள். நாங்கள் ஆஸ்டின் டவுனுக்கு வந்துவிட்டோம். பவானியின் வீட்டார் அதே ஜோகுபாளையத்தில் வேறொரு சந்துக்குப் போனார்கள். சுசீலம்மா இறந்துவிட்டார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடம் கழித்து முனிரத்தினம் இறந்த செய்தி வந்தது. ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். பாலிஷா குடியா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. நான் ஊரில் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பவானியைத் தேடிப் போனேன்.

அவள் பழைய மதராஸ் சாலையில் கம்பெனி வண்டிக்காக நின்றிருந்தாள். கார்மெண்ட்ஸை விட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கட்டடத்தில் துப்புரவுப் பெண்களுக்கு மேற்பார்வை வேலை. நீலச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும், "டீச்சரக்கா, இன்னா இவ்ளோ எளச்சிட்டீங்க" என்றாள்.

அப்பாவைப் பற்றி விசாரித்தேன். பிறகு கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த வருடத்து நாட்குறிப்பிலேயே இருந்த கடிதம். மடிப்பில் மஞ்சள் ஏறியிருந்தது.

"கன்னடத்துல இருக்கே" என்றாள். "பரவால்ல, படிப்பேன். ஃபேக்டரில கத்துகினேன்."

நின்றபடி படித்தாள். உதடு மெதுவாக அசைந்தது. கடைசி வரி வந்ததும் மறுபடி மேலிருந்து படித்தாள். ஒரு தண்ணீர் லாரி எங்களைத் தாண்டிப் போனது.

"அந்தப் பேப்பர் நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"இது எப்போ எழுதுனீங்க?"

"திங்கட்கிழமை."

"நான் ஞாயித்துக்கெழமையே வந்தேனேக்கா."

புரியாமல் பார்த்தேன்.

"பரீட்சைல பக்கத்துல உக்காந்த கன்னடப் பொண்ணு ரெண்டு வட்டம் போட்டிருந்தா. எனக்குத் திக்குனு ஆச்சு. வெளிய வந்து அவ பேப்பர படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவளும் அணுன்னுதான் படிச்சா. அப்புறம் ஏன்டி ரெண்டுன்னேன். எங்க புக்குல அப்பிடித்தான்னா. என்னமோ இடிக்குதுன்னு அப்பாகிட்ட சொன்னேன். டீச்சரக்காவ கேளு, தப்புன்னு சொன்னாங்கன்னா இப்பவே ஆபீசுக்குப் போயி சண்டை போட்டுட்டு வரலாம்னாரு. சட்டைய மாட்டிகினு ஊட்டுக்குள்ள ரெடியா உக்காந்திருந்தாரு."

அவள் மாற்றாமல் இருந்த பாவாடை சட்டை நினைவுக்கு வந்தது. ரிப்பன் நினைவுக்கு வந்தது. ஒரு வட்டம் போதுமா என்று இரண்டு முறை கேட்டது.

"நீங்க சரின்னீங்க" என்றாள். "நீங்களே சொல்லிட்டீங்கன்னா அதுக்கு மேல இன்னா. உள்ள போயி சரியாம்ப்பான்னேன். அவரு சட்டைய கழட்டி ஆணில மாட்டிட்டாரு."

திறந்திருந்த கைப்பையை மூடினேன்.

"சாவற வரைக்கும் சொல்லிகினே இருந்தாருக்கா. ஆஸ்பத்திரில கூட. நர்ஸுகிட்ட. எம் பொண்ணு மூணு மார்க்குல கோட்டை உட்டவ, இல்லன்னா உன்ன மாதிரி ஆயிருப்பான்னு. நானும் வேற எதுலயோ தப்பு உட்டுட்டேன்னுதான் நெனச்சுகினு இருந்தேன். எதுலன்னு எத்தினி நாளு யோசிச்சிருப்பேன். ஏழாவது கேள்விய மட்டும் யோசிக்கவே இல்ல. அதான் சரியாச்சே."

வண்டி வந்தது. நீலச் சேலைப் பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். யாரோ உள்ளிருந்து "பவானிக்கா, பேகா" என்று கூப்பிட்டார்கள்.

அவள் கடிதத்தை நான்காக மடித்தாள். கோபம் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று சொல்லிக் கடிதத்தை என் கையில் வைத்தாள். "அவரு கிட்ட படிச்சுக் காட்டியிருப்பேன்."

வண்டி கிளம்பியது. அவள் ஜன்னல் ஓரம் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கறுப்பு மை, சிறிய எழுத்து. மூன்று வரி.

'குழாய் 3.50க்கு நின்றது. பவானி ஏழாம் கேள்வியின் விடையை வரைந்து காட்டினாள். சரி என்றேன்.'

பல வருடமாக நான் பிழை தேடிக்கொண்டிருந்தது சாமான் அறையில் சுசீலம்மாவோடு உட்கார்ந்திருந்த நாளின் பக்கத்தில். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடுகூடப் போட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.